தரைச் சூடு

தீவின் பெயரே நெருப்பு.
போர்ச்சுகீசியர் வைத்தது.
வேறு பெயர் யோசிக்க
அவர்களுக்கு நேரம் இருந்திருக்காது.

டிரக்கின் பின்னால் சிமெண்ட் மூட்டைகளோடு
வளைந்து வளைந்து ஏறி
மலையின் பழைய வாய்க்குள் இறங்கினேன்.
ஒருபக்கம் மேகம் உரசும் சுவர்.
நடுவே, கருப்பு எள்ளைக் கொட்டிக் குவித்ததுபோல்
புதிய மலை.
அதன் அடிவாரத்தில் துணி காய்ந்துகொண்டிருந்தது.

சுல்மிராவின் வீட்டில் அறை.
செருப்பைக் கழற்றச் சொன்னாள்.
தரை சுட்டது,
காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றி அளவுக்கு.
கட்டி நாலு வருடம் ஆகிறதாம்,
அடியில் இருப்பது இன்னும் ஆறவில்லை.
ரொட்டி மாவை மூலையில் மூடி வைத்தால்
ஒரு மணி நேரத்தில் பொங்கிவிடுகிறது.
பூனைதான் பாவம்,
தோசையைத் திருப்பிப் போடுவதுபோல்
தன்னைத்தானே திருப்பித் திருப்பிப் போட்டுக்கொள்கிறது.

வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருப்பதாக
எங்கள் ஊரில் சொல்வோம்,
மகள் வீடு திரும்பத் தாமதமானால்.
இங்கே அதை யாரிடம் போய்ச் சொல்வது.

அது வேகமாக வரவில்லை. அதுதான் கொடுமை.
மாடு மேய்ந்துகொண்டே வருகிற வேகம்.
ஓட நேரம் கொடுத்தது,
நின்று பார்க்கவும் நேரம் கொடுத்தது.
முதல் நாள் கட்டில், பீப்பாய்கள், கோழிகள்.
மறுநாள் கூரை ஓடு, ஜன்னல்கள்.
கடைசியாகக் கதவு.
கீல் ஆணியை அவள் திருகும்போது
பின்னால் அத்திமரம் பற்றிக்கொண்டது.
என்ன சத்தம் கேட்டது என்றேன்.
யாரோ தெரு நிறைய உடைந்த கண்ணாடியைப்
பொறுமையாகப் பெருக்கிக்கொண்டு வருவதுபோல்
என்றாள்.

அந்தக் கதவுதான் இது.
புது வீட்டின் நிலைக்கு உயரம் அதிகம்.
அடியில் நாலு விரல் அறுத்துவிட்டார்கள்.
அறுத்த துண்டு அலமாரியில்,
சீனி டப்பாவுக்குப் பக்கத்தில்.

இரவு பீன்ஸ், ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி,
சாம்பலில் விளைந்த திராட்சையின் ஒயின்.
உங்கள் மொழியில் அதற்கு என்ன பெயர்
என்று கேட்டான் வழிகாட்டி அதெரித்து.
குழம்பு என்றேன்.
சோற்றில் ஊற்றிக்கொள்வதற்கும் அதே சொல்தான் என்றேன்.
அவன் பெயர்த்துச் சொன்னதும்
சுல்மிரா முதல்முறையாகப் பல் தெரியச் சிரித்தாள்:
அது என் வீட்டைத் தின்றது,
நீங்கள் அதையே தின்கிறீர்களா!

விடியுமுன் ஏறினோம்.
இரண்டடி வைத்தால் ஒன்றரை அடி சறுக்குகிற கணக்கு.
விளிம்பில் மஞ்சள் பூத்த பாறை,
கெட்ட முட்டை வாடை.
எட்டிப் பார்த்தேன்.
சிவப்பைத் தேடி வந்தவனுக்குக் கிடைத்தது
கல்லிடுக்கில் ஒரு வெண்மூச்சு.
தூங்குகிறவர் எதிரில் நிற்கிற கூச்சம் வந்தது.

அதெரித்துவின் கைபேசி அடித்தது. தம்பி.
ஒரு கால் விளிம்பில், ஒரு கால் சரிவில்,
"இருபது மூட்டை சொல்லிவை" என்றான்,
"சனிக்கிழமை விலை ஏறுதாம்."

திரும்ப வருமா?
"வரும்" என்றான்.
அதற்குப் பின் ஒரு "ஆனால்" வரும் என்று காத்திருந்தேன்.
வரவில்லை.

இறங்குவது ஓட்டம், முழங்கால்வரை சாம்பல்.
கீழே கரும்பாறை வெளியில் நிறுத்தினான்.
இது பள்ளிக்கூடம். அது கூட்டுறவுக் கடை.
நீ நிற்பது எங்கள் சமையலறை.
காலை நகர்த்திக்கொண்டேன்.
"பரவாயில்லை, நில்லு,
பதினைந்து அடி கீழே இருக்கிறது" என்றான்.
அப்படியும் நிற்க முடியவில்லை.
சற்றுத் தள்ளி, ஆளுக்கொரு குழியில்
திராட்சைக் கொடிகள்,
காற்றுக்கு முதுகைக் காட்டிக் குந்தியிருந்தன.

கிளம்பும் நாள் சனிக்கிழமை.
சுல்மிரா கதவின் முன் மண்டியிட்டு
கீல் ஆணிகளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள்.
கதவு கிரீச்சிட்டு நான் கேட்டதே இல்லை.
வாரா வாரம் விடுவாளாம்.
துருப்பிடித்துவிட்டால்
கழற்றும்போது நேரமாகிவிடும் என்றாள்.